கேஎல்லில் ஜோடி ஸ்கேட்டிங்: நான் போய்வந்த பாதை

நம் மலேசிய ஸ்கேட்டர் ஜூலியன் யீ 2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக்குக்குப் போய்வந்த பிறகு, ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு விளக்குவது கொஞ்சம் சுலபமாகிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் இங்கே கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்கு ஆசிய) விளையாட்டில் அவர் தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்த மாமா சித்தப்பாக்களுக்கெல்லாம் "ஐஸில் சுத்துறது" தெரியும். நான் செய்தது ஜோடி ஸ்கேட்டிங் என்று சொன்னால்தான், "ஒரு பையன் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பானே, அதுவா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். இப்போது மகளை இதில் விடலாமா என்று சில அம்மாக்கள் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதியே விடுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸ் பெண். பலரையும் போல சன்வே பிரமிட் ரிங்க்கில்தான் தொடக்கம். முதலில் அப்பா காடியில் கொண்டுவிடுவார். 2015-இல் பிஆர்டி பஸ் வந்த பிறகு கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் ரயில் ஏறி, செத்தியா ஜெயாவில் மாறி, நானே போய்வரப் பழகினேன். வெளியே வேர்த்துக் கொட்டும் வெயிலில் ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணை எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதுவும் பழகிவிடும். ஐஎஸ்ஐ என்ற ஐஸ் விளையாட்டு அமைப்பின் பாடத்திட்டத்தில் ப்ரீ-ஆல்ஃபா, ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று ஏறி, அப்புறம் ஃப்ரீஸ்டைல். இரண்டு சுற்றுச் சுற்றிக் குதிக்கும் டபுள் சால்கோ, டபுள் டோ லூப் வரை வந்தது. இரண்டரைச் சுற்று டபுள் ஆக்செல் வரவே இல்லை. எஸ்பிஎம் எழுதிப் பள்ளி முடித்த வயதில் அது வரவில்லை என்றால் தனிப்பிரிவில் பெரிதாக ஒன்றும் கிழிக்க முடியாது என்று கோச் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதே மூச்சில், "நீ குள்ளம், பயப்படவும் மாட்டேங்கிறே, ஜோடிக்கு வா" என்றார்.

ஜோடியையும் ஐஸ் டான்ஸையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐஸ் டான்ஸில் பெண்ணைத் தலைக்கு மேல் கையை நீட்டித் தூக்கக் கூடாது, வீசவும் கூடாது. ஜோடியில் அதெல்லாம்தான் வேலையே. ஓவர்ஹெட் லிஃப்ட், மேலே எறிந்து சுழலவிட்டு இடுப்பில் பிடிக்கும் டுவிஸ்ட், தூரமாக வீசிவிடும் த்ரோ ஜம்ப், டெத் ஸ்பைரல், போதாததற்குப் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் குதிக்கும் ஜம்ப். சீனியர் ஃப்ரீ ஸ்கேட்டில் இதையெல்லாம் நாலு நிமிஷத்துக்குள் அடக்க வேண்டும்.

சரி, ஆள் எங்கே? எந்த ரிங்க்குக்குப் போனாலும் பெண் பிள்ளைகள் கூட்டமாக இருப்பார்கள், பையன்கள் ஐஸ் ஹாக்கிப் பக்கம் போய்விடுவார்கள். ஜோடி தேடுவதற்கென்றே உலக அளவில் இணையத்தளங்கள் உண்டு. உயரம், எடை, எந்தெந்த ஜம்ப் வரும், எந்த நாட்டுக் குடியுரிமை, இடம் மாறத் தயாரா, செலவு யாருடையது எல்லாம் போட வேண்டும். வரன் தேடும் விளம்பரம் தோற்றது போங்கள். அதில் ஒரு விவரத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்: எந்தப் பக்கம் சுற்றுகிறார்? பெரும்பாலோர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவார்கள். சிலர் மறுபக்கம். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றினால் த்ரோவும் டுவிஸ்ட்டும் பெரும் பாடு. எனக்குக் கிடைத்த முதல் பையன், நல்ல பையன், டபுள் ஜம்ப் எல்லாம் அழகாகப் போடுவான், ஆனால் கடிகார முள்ளோடு சுற்றுகிறவன். கை குலுக்கிப் பிரிந்தோம்.

அடுத்து வந்தவன் செராஸ் பக்கத்துச் சீனப் பையன், ஹாக்கி ஆட்டக்காரன். ஜம்ப் சுத்தமாக வராது, ஆனால் தோளும் தொடையும் இரும்பு. ஐஸில் வேகமாகப் போகும்போது குலுங்கவே மாட்டான். கோச் அவனுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் பூட் மாட்டிவிட்டார். ஹாக்கி பிளேடில் டோ பிக் கிடையாது, இதில் முன்னால் பல் பல்லாக இருக்கும். அது தட்டித் தட்டி முதல் மாதம் அவன் விழுந்துகொண்டே இருந்தான்.

வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அப்பா செலவைத்தான் கேட்டார். பூட் தனி, பிளேடு தனி, இரண்டும் ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்). அம்மாவுக்கு அது கவலையில்லை. ஒரு பையன் இடுப்பையும் தொடையையும் பிடித்துத் தூக்கும் படத்தை அத்தை வாட்சப்பில் பார்த்துவிட்டுக் கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அம்மாவை ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்துப்போனேன். ஒரே லிஃப்ட்டை விழுந்து எழுந்து திரும்பத் திரும்பச் செய்து, இருவரும் வியர்வையில் நனைந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் நிற்பதைப் பார்த்ததும், "இதுலே என்னடி இருக்கு" என்று மைலோ வாங்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அத்தைக்கு அம்மாவே பதில் சொல்லிக்கொண்டார்.

அம்மாவை உண்மையில் பயமுறுத்தியது தம்பி காட்டிய ஒரு வீடியோ. 2004 ஸ்கேட் அமெரிக்காவில் ரஷ்யாவின் தாத்தியானா தோத்மியானினா லிஃப்ட்டிலிருந்து தலைகுப்புற ஐஸில் விழுந்தது. மூளை அதிர்ச்சி, ஆஸ்பத்திரி. அதே ஜோடி 2006 துரினில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதையும் காட்டச் சொன்னேன். தம்பி அதைக் காட்டவில்லை, தடியன்.

இப்போது லிஃப்ட். மேலே போகிற பெண் சும்மா பொம்மை மாதிரி இருப்பாள் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். பாதி வேலை அவளுடையது. முதலில் மெத்தை போட்ட தரையில், வெறுங்காலோடு. அப்புறம் அதே தரையில் பிளேடுக்கு கார்டு (பாதுகாப்பு உறை) மாட்டி. ஐஸுக்கு வர ரொம்ப நாளாகும். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துப் பிடிக்கும் லிஃப்ட்டில், அவன் முட்டியை மடக்கி எழும் அதே நொடியில் நானும் குதிக்க வேண்டும், அரை நொடி பிந்தினாலும் அவனுக்கு என் எடை இரண்டு மடங்காகத் தெரியும். மேலே போனதும் முழங்கையைப் பூட்டி, வயிற்றை இறுக்கி, கீழே பார்க்காமல் இருக்க வேண்டும். கீழே பார்த்தால் தலை போகும் பக்கம் உடம்பும் சாயும். அவன் கீழே பின்னோக்கிச் சறுக்கியபடி சுற்றிக்கொண்டிருப்பான், விதிப்படி அதிகபட்சம் மூன்றரைச் சுற்று. மேலே இருக்கும் எனக்குத் தெரிவது கூரை விளக்கு கோடு கோடாக ஓடுவதும், என் உள்ளங்கைக்குக் கீழே அவன் கை லேசாக நடுங்குவதும்தான். அந்த நடுக்கம் கூடினால் இறங்க வேண்டும். வாயால் சொல்லிக்கொள்ள நேரம் கிடையாது. கையுறை போடலாமா என்று கேட்கிறார்கள். நாங்கள் போடவில்லை, ஈரமானால் வழுக்குகிறது என்று பட்டது.

டெத் ஸ்பைரல் பேர்தான் பயங்கரம். அவன் டோ பிக்கை ஐஸில் குத்தி நின்று ஒரு கையால் பிடிக்க, நான் பிளேடின் ஒரே எட்ஜில் (விளிம்பில்) தரையோடு தரையாகச் சுற்றுவேன். எட்ஜ் பிடித்துவிட்டால் அது சுகமான ஒன்று. எனக்குப் பிடிக்காதது த்ரோதான். வீசுகிறவன் எவ்வளவு நன்றாக வீசினாலும், பின்னோக்கி வலது கால் வெளி எட்ஜில் தனியாக வந்து இறங்குவது நான். த்ரோ டபுள் சால்கோ பழகிய காலத்தில் இடது இடுப்பெலும்பில் ஒரு நீலம் மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

பொதுமக்கள் சறுக்கும் நேரத்தில் லிஃப்ட் கூடாது என்பது எந்த ரிங்க்கிலும் உள்ள கட்டுப்பாடு, நியாயமும்கூட. அதனால் விடியற்காலை, இல்லையென்றால் கடை சாத்திய பிறகு, ஐஸை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஜோடிக்கு வேகமும் நீளமும் வேண்டும், சின்ன ரிங்க்கில் லிஃப்ட் முடிவதற்குள் தடுப்புச் சுவர் வந்துவிடும். அதற்காகவே புத்ராஜெயா ஐஓஐ சிட்டி மால் வரை போவோம், அங்கே ஐஸ் பெரிது. ஒரு சின்னத் தகவல்: நம் ஊர் ஈரப்பதத்தில் பிளேடு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். துடைத்துவிட்டுத் துணி உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் கார்டை மாட்டியபடி பையில் போடாதீர்கள்.

ஐஎஸ்ஐயில் ஜோடிக்கென்றே தனித் தேர்வுகள் உண்டு. கீழ்நிலைகளை முடித்து உள்ளூர்ப் போட்டிகளில் ஆடினோம். பல நேரம் எங்கள் பிரிவில் நாங்கள் மட்டும்தான், ஆகவே முதல் இடம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அப்போது வந்தது 2020 மார்ச் எம்சிஓ, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. ரிங்க் எல்லாம் மூடல். தனியாக ஆடுகிறவர்கள் வீட்டுக் கார் போர்ச்சில் குதித்தாவது பழகினார்கள். நாங்கள் என்ன செய்வது, ஒரு மீட்டர் தள்ளி நின்று தூக்குவதா? திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள். அவன் படிக்க மெல்பர்ன் போய்விட்டான். அவன் மீது எனக்கு வருத்தம் கிடையாது.

மறுபடி தேடல், இந்த முறை வெளிநாட்டில். இங்கேதான் காகிதம் குறுக்கே வருகிறது, பெற்றோர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஐஎஸ்யு (சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம்) நடத்தும் போட்டிகளில், உலகச் சாம்பியன்ஷிப் உட்பட, ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். ஜப்பானுக்காக ஆடிய நருமி தக்காஹாஷி, மெர்வின் டிரான் ஜோடி 2012 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியது. டிரான் கனடாக்காரர், ஜப்பான் குடியுரிமை இல்லை, ஒலிம்பிக் கனவு அதோடு சரி. ஜெர்மனிக்காக 2018-இல் தங்கம் வாங்கிய புருனோ மாசோ பிரெஞ்சுக்காரர். ஜெர்மன் மொழித் தேர்வில் தோற்று, மறுபடி எழுதி, 2017 கடைசியில்தான் அவருக்குக் குடியுரிமை வந்தது. அது ஜெர்மனி. மலேசியாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 19-வது பிரிவுப்படி பன்னிரண்டு வருஷத்தில் பத்து வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் தெரிய வேண்டும். இரட்டைக் குடியுரிமை கிடையாது. நான் வேறு நாட்டுக்குப் போகலாமென்றால் என் மைகார்டை, அதாவது மலேசிய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து யாரைத் தூக்குவது, யார் தூக்குவது? அதோடு, ஒருவர் ஏற்கெனவே ஒரு நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியிருந்தால், அந்த நாட்டுச் சங்கத்தின் அனுமதி வாங்கி ஒரு வருஷம் காத்திருக்கவும் வேண்டும்.

இத்தனையும் தெரிந்தேதான் பாங்காக்கில் ஒரு ஐஸ் ஷோவில் வேலை பார்த்த கனடாக்காரர் ஒருவரோடு டிரையவுட் செய்தேன். அவர் கேஎல் வந்தார். முதல் நாள் லிஃப்ட்டே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு ரிங்க்கைச் சுற்றிச் சுற்றிச் சறுக்கினோம். இருவர் முட்டியும் ஒரே நேரத்தில் மடிகிறதா, ஒரு காலைத் தள்ளும் நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க அது போதும். பொருந்தியது. மூன்றாம் நாள் ஒரு கையால் தூக்கினார். ஹாக்கிப் பையனோடு மாதக்கணக்கில் போராடியது, பழகிய கையில் சாதாரணமாக நடந்தது.

போட்டிக்குப் போகலாமா என்று கணக்குப் போட்டோம். உலகச் சாம்பியன்ஷிப்புக்குள் நுழைய மற்றப் போட்டிகளில் குறைந்தபட்சத் தொழில்நுட்பப் புள்ளி எடுத்திருக்க வேண்டும். அதற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா என்று பறக்க வேண்டும், முழுநேரக் கோச் வேண்டும், எல்லாம் சொந்தப் பணம். சேமிப்பைப் பார்த்தோம், சிரித்தோம். அவர் பார்த்த வேலையையே நானும் செய்யலாமே என்றார்.

ஜோடி ஸ்கேட்டர்களுக்கு ஷோவில் கிராக்கி அதிகம், சிறிய இடத்திலும் லிஃப்ட் எடுபடும். ராயல் கரீபியன் மாதிரி நிறுவனங்களின் பெரிய கப்பல்களில் ஐஸ் ரிங்க்கே இருக்கிறது. வீடியோ அனுப்பி, மருத்துவப் பரிசோதனை முடித்து, ஒரு உல்லாசக் கப்பலில் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். யாரும் குடியுரிமை கேட்கவில்லை, மாதச் சம்பளம் வந்தது, முதன்முறையாக ஸ்கேட்டிங்கில் பணம் உள்ளே வந்ததைப் பார்த்து அப்பாவுக்கே ஆச்சரியம். கப்பல் ஆடினால் ஐஸும் ஆடும். அன்றைக்கு லிஃப்ட்டை எல்லாம் எடுத்துவிட்டுத் தரையோடு ஆடச் சொல்வார்கள். ஒப்பந்தம் முடிந்து அவர் திருமணமாகிக் கனடா திரும்பினார், நான் கேஎல் திரும்பிவிட்டேன்.

வயதாகிவிட்டதா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஜப்பான் ஜோடி ஸ்கேட்டர் ரியுய்ச்சி கிஹாராவைப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு ஜோடிகளோடு ஒலிம்பிக் போய்ப் பெரிதாக ஒன்றும் நடக்காமல், ரிங்க்கில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 2019-இல் ரிக்கு மியூராவோடு சேர்ந்து 2023-இல் உலகச் சாம்பியன். பொருத்தமான ஆள் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்.

மகளை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தனிப்பிரிவில் ஆக்செல் வரை வரட்டும், கோச்சிடம் எந்தப் பக்கம் சுற்றுகிறாள் என்று கேட்டு வையுங்கள். மகன் இருந்தால், அதுவும் ஹாக்கி ஆடுகிற மகன் இருந்தால், தயவுசெய்து முதலில் என்னிடம் சொல்லுங்கள். என்னிடம் இப்போது பழகும் பெண் பிள்ளைகளுக்குத் தூக்க ஆள் இல்லை.