ஆகஸ்டில் வரச் சொன்னேன்

எங்கள் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிவதும் உலக ரத்தக் கொடையாளர் தினமும் ஒரே தேதியில் வருகின்றன. ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் பிறந்தது ஜூன் 14. ஏப்ரல் 15இல் கட்டிப்போட்ட விசைப்படகுகளுக்குத் தடை விலகுவதும் அன்று நள்ளிரவோடுதான். ரத்ததான முகாம் வைக்க இதைவிடத் தோதான நாள் கிடையாது என்று எங்கள் ரத்த வங்கியில் எல்லோருமே நினைத்தோம். ஆட்கள் கரையில் இருப்பார்கள் அல்லவா.

இருந்தார்கள். மதியத்துக்குள் கொண்டுபோன ரத்தப் பைகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன, வரிசை குறையவில்லை. மிச்சப் பைகளை, அரிதாகக் கிடைக்கும் நெகட்டிவ் வகைக்காரர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்றவர்களைப் பிறகு வரச் சொல்லும் வேலை பதிவு மேசையில் இருந்த எனக்கு வந்தது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் பழைய கொடையாளர் அட்டையை நீட்டினார். ஓ பாசிட்டிவ்.

"அண்ணே, இன்னைக்குப் போதும்ணே. ஆகஸ்டுல வாங்க, அப்பதான் எங்களுக்குத் தட்டுப்பாடு" என்றேன்.

"ஆகஸ்டுல நான் கடல்ல கிடப்பேன் தம்பி. இப்பதான் கரையில இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. சாதாரணப் பையில் எடுத்த ரத்தம் குளிர்பெட்டியில் 35 நாள் தாங்கும். பிரித்தெடுத்த சிவப்பணுக்களில் கெடாமல் காக்கும் கூடுதல் கரைசல் சேர்த்தால் 42 நாள். ஜூன் 14இல் எடுத்தது ஜூலை மாதத்தைத் தாண்டாது. டெங்குவில் குறைந்துபோகும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஐந்தே நாள்தான். மழைக்காலத்து டெங்குவுக்கு ஜூன் மாதக் கூட்டத்தால் ஒரு பயனும் இல்லை. மனமுவந்து கொடுத்ததை வாங்கிவைத்து, காலாவதியாகிவிட்டது என்று அழிப்பதைப் போல மனதை உறுத்தும் வேலை எங்கள் இடத்தில் வேறு கிடையாது. அவருடைய ரத்தத்துக்கு அந்தக் கதி வராமல் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு நியாயமும் உண்டு. மறுநாள் அவர் படகேற வேண்டியவர். ரத்தம் கொடுத்த அன்று கனமான வேலை கூடாது. குறைந்த நீர்ச்சத்து ஈடாக ஓரிரு நாள் ஆகும். நடுக்கடலில் வலை இழுக்கும்போது தலைசுற்றினால் யார் பார்ப்பது? சரி. ஆனால் அவருக்கு முன்னால் நின்ற பையன்களிடம், "நாளைக்கு வேற ஆளை அனுப்புங்கப்பா, ஐஸ் ஏத்தப் போகாதீங்க" என்று சொல்லித்தானே எடுத்தோம்? அவரிடமும் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்டில் ஓர் இரவு, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு ஓ பாசிட்டிவ் கேட்டார்கள். எங்கள் வகைகளிலேயே அதிகம் வருவதும் அதிகம் போவதும் அதுதான். அலமாரியில் இருந்தது போதவில்லை. சொந்தக்காரர்கள் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். வெளியில் பலருக்கு இது புரிவதில்லை: அப்போது எடுக்கிற ரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோய், மலேரியா எல்லாம் சோதித்து முடிய வேண்டும். அந்த நேரத்தில் உயிரைப் பிடித்துவைப்பது, முகம் தெரியாத யாரோ முன்பே கொடுத்துவிட்டுப் போன பைதான். பக்கத்து மாவட்டத்திலிருந்து வரவழைத்தோம். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

அன்று அந்த அண்ணன் நினைவுக்கு வந்தார். யோசித்தால் அதில் அர்த்தமே இல்லை. ஜூனில் அவரிடம் எடுத்திருந்தாலும் அந்த ஆகஸ்ட் இரவுக்கு அது இருந்திருக்காது. ஆனால் ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம், பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. ஜூன் 14இல் கொடுத்தவர் செப்டம்பர் 12இல் மறுபடி கொடுக்கலாம். கொடுத்துப் பழகியவர்தான் திரும்ப வருகிறார். திருப்பி அனுப்பப்பட்டவர் வருவாரா? அவர் இதுவரை வரவில்லை. கடலில் இருப்பாரோ, மனது விட்டுப்போயிற்றோ, தெரியவில்லை.

பிரசவமும் டயாலிசிஸும், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாக் குழந்தைகளும் தடைக்காலம் பார்த்து வருவதில்லை. ஆயிரம் பேர் ஒரே நாளில் கொடுப்பதைவிட, அவர்களே வருடம் முழுக்கப் பிரிந்து வந்தால் அலமாரி காலியாகாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து கொடுங்கள் என்று நாள்கூலிக்காரரிடம் எந்த முகத்தோடு சொல்வது? கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் ஆசையாக வருவார்கள், ஹீமோகுளோபின் 12.5 இல்லாமல் அவர்களில் பலரைத் திருப்பி அனுப்புகிறோம். அதற்கு முதலில் சாப்பாடு வேண்டும், ரத்ததானப் பேச்சு அப்புறம்.

இப்போதெல்லாம் மேசையில் மாதம் சொல்வதில்லை. எந்தக் கிழமை கரையில் இருப்பீர்கள் என்று கேட்டு, போன் நம்பரை எழுதிக்கொள்கிறேன். முகாமைப் பல நாட்களாகப் பிரித்து, படகு போகாத நாட்களில் அவர்கள் ஊரிலேயே வைக்கலாம் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். கூட வேலை செய்பவர், "ராத்திரி முழுக்கத் தூங்காம கடல்ல இருந்துட்டு வர்றவர்கிட்ட எப்படி எடுப்பே?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஒருநாள் ஓய்வெடுத்துவிட்டு வரட்டும் என்கிறேன். மறுநாள் மறுபடி கடலுக்கல்லவா போகிறார்கள் என்கிறார் அவர்.