இழப்பையும் எழுதுவோம்: கனடியப் பெண்கள் பற்றிய மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 3

மருத்துவம், கல்வி, வணிகம், கலை ஆகிய துறைகளில் கனடாவில் முன்னே நடந்த பெண்களைப் பற்றி இந்த மாதம் முழுவதும் வாசித்து, வாசித்தவற்றை இங்கே எழுதிவர எண்ணியிருக்கிறேன். எமிலி ஸ்டோவிடமிருந்து தொடங்குகிறேன். 1854-இல் ஆசிரியர் பயிற்சியை முடித்து, பிராண்ட்ஃபோர்டில் ஒரு பொதுப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் அவர். கணவருக்குக் காசநோய் வந்தபின் மருத்துவம் படிக்க முயன்று, டொராண்டோவில் இடம் மறுக்கப்பட்டு, நியூயார்க்கில் பெண்களுக்கான கல்லூரியில் 1867-இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். ஆயினும் வெளிநாட்டில் படித்தவர்கள் ஒன்டாரியோவின் மருத்துவப் பள்ளி ஒன்றிலும் வகுப்புகளுக்குச் சென்றால்தான் உரிமம் கிடைக்கும் என்று சட்டம் வந்தது; அந்தப் பள்ளிகளோ பெண்களைச் சேர்ப்பதில்லை. உரிமம் அவர் கைக்கு வந்தது 1880-இல்தான். மூன்றே ஆண்டுகளில், 1883-இல், அவருடைய மகள் அகஸ்டா கனடாவிலேயே படித்து மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார்.

மார்ச் 8

மகளிர் நாளான இன்று மோட் அபட்டைப் பற்றி எழுதுவதே பொருத்தம் என்று தோன்றியது. 1868-இல் கியூபெக்கின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, பாட்டியிடம் வளர்ந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1890-இல் இளங்கலைப் பட்டத்தைத் தங்கப் பதக்கத்துடன் பெற்ற அவரை, அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு பெண் என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாண்ட்ரியலிலேயே இருந்த பிஷப்ஸ் கல்லூரி அவரை ஏற்றது. 1894-இல் அந்த வகுப்பின் ஒரே பெண்ணாக, பரிசுகளுடன் வெளியே வந்தார்.

மெக்கில் அவருக்கு இறுதியில் கொடுத்த வேலை, மருத்துவ அருங்காட்சியகத்தின் துணைக் காப்பாளர் பதவி. நோயாளிகளையோ வகுப்பறையையோ அவர் பொறுப்பில் விடாமல், கண்ணாடிக் குடுவைகளில் கிடந்த உடலுறுப்புகளை வகைப்படுத்தும் பணியை மட்டும் ஒப்படைத்தார்கள். அந்தக் குடுவைகளுக்கு நடுவே விசித்திரமான ஓர் இதயம் அவர் கண்ணில் பட்டது. புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஓஸ்லருக்கு எழுதிக் கேட்டதில், அது ஆண்ட்ரூ ஹோம்ஸ் என்ற மருத்துவர் 1824-இல் விவரித்திருந்த இதயம் என்று தெரியவந்தது. பிறவி இதயக் குறைபாடுகளில் அபட் ஊன்றியது அங்கிருந்துதான். ஓஸ்லர் தொகுத்த மருத்துவ நூலுக்காக 1908-இல் அவர் எழுதிய அத்தியாயம் 412 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தது. 1936-இல் வெளியான அவரது தனி நூல் ஆயிரம் பேரின் விவரங்களைத் தாங்கியிருந்தது.

அதுவரை இக்குறைபாடுகளை, பிணப் பரிசோதனையில் மட்டும் தென்படும் அதிசயங்களாகவே மருத்துவர்கள் கருதினார்கள். உயிரோடு இருந்தபோது உடல் நீலம் பாரித்ததா, எந்த வயதில் பாரித்தது என்ற அறிகுறிகளையும், இறந்தபின் இதயத்தில் கண்ட அமைப்பையும் அபட் இணைத்துக் காட்டினார். உயிரோடிருக்கும் குழந்தையைப் பார்த்தே அதன் இதயத்தில் உள்ள குறையை ஊகித்தறிய இது வழிசெய்தது. அவருடைய பணியிலிருந்து கற்றவர்களில் ஒருவரான ஹெலன் டாசிக், 1944-இல் ஆல்ஃபிரட் பிளாலாக், விவியன் தாமஸ் ஆகியோருடன் சேர்ந்து நீலக் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையைப் பால்டிமோரில் சாத்தியமாக்கினார்.

மார்ச் 10

அபட்டை விட்டு மனம் நகரவில்லை. 1910-இல் மெக்கில் அவருக்கு மதிப்புறு மருத்துவப் பட்டம் வழங்கியது. ஆனால் மருத்துவ மாணவிகளுக்கு அதே மெக்கில் இடம் தந்தது 1918-இல்தான். உதவிப் பேராசிரியர் என்ற நிலைக்கு மேல் அவரை அங்கே உயர்த்தவேயில்லை. நோயுற்ற தமக்கை ஆலிஸைப் பேணும் பொறுப்பும் அவர் தலையிலேயே இருந்தது. 1940-இல் அவர் மறைந்தபின், மெக்சிகோவில் டியேகோ ரிவேரா வரைந்த இதயவியல் சுவரோவியத்தில் இடம்பெற்ற ஒரே பெண் அவர்.

தடைகளே இத்தகையவர்களைச் செதுக்கின என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அருங்காட்சியகத்தில் ஒதுக்கப்பட்டதால்தான் அபட் இதயத்தைக் கண்டுகொண்டார் என்று சொல்வது, ஒதுக்கியவர்களுக்கே பெருமை சேர்ப்பதாகும். அவருக்கு வகுப்பறையும் மருத்துவமனையும் உரிய காலத்தில் கிடைத்திருந்தால் எத்தனை மாணவர்கள் உருவாகியிருப்பார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே அவர் கதையைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 14

அந்தக் கேள்வி ஹேரியட் புரூக்ஸை வாசிக்கையில் இன்னும் கூர்மையாகிறது. அணு இயற்பியலின் முன்னோடியான எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் முதல் பட்ட மேற்படிப்பு மாணவி. 1901-இல் மெக்கிலில் முதுகலைப் பட்டம் பெற்றுக் கதிரியக்க ஆய்வில் ஈடுபட்டவர். நியூயார்க்கின் பர்னார்ட் மகளிர் கல்லூரியில் கற்பித்துவந்தபோது, 1906-இல் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. மணமானால் பதவி விலக வேண்டும் என்றார் கல்லூரியின் தலைவர், அவரும் ஒரு பெண். மணம் செய்துகொள்வதற்காக ஒரு பெண் தன் தொழிலைக் கைவிட வேண்டியதில்லை என்று காட்டுவது தன் கடமை என புரூக்ஸ் எதிர்த்து எழுதினார். அந்த மண ஏற்பாடு முறிந்தது, வேலையும் போனது. பாரிஸில் மேரி கியூரியின் ஆய்வகத்தில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1907-இல் வேறொருவரை மணந்து, இயற்பியலை விட்டு முற்றிலும் விலகினார். அப்போது அவருக்கு வயது 31.

மார்ச் 19

வயோலா டெஸ்மண்டை இன்று கனடாவின் பத்து டாலர் தாளில் எல்லோரும் பார்க்கிறார்கள். திரையரங்கில் நடந்த அநீதியால் அறியப்படும் அவர், அதற்கு முன்பே தேர்ந்த தொழில்முனைவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹாலிஃபாக்ஸில் கறுப்பினப் பெண்களை அழகுக்கலைப் பள்ளிகள் சேர்க்காததால் மாண்ட்ரியலிலும் அமெரிக்காவிலும் பயின்று திரும்பி, சொந்த ஊரில் அழகு நிலையம் திறந்தார். பிறகு தன்னைப்போல் மறுக்கப்பட்ட பெண்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளியையே நடத்தினார். தம் தயாரிப்புகளைத் தாமே விற்றார்.

1946 நவம்பர் 8 அன்று தொழில் நிமித்தம் சென்றபோது கார் பழுதாகி, நியூ கிளாஸ்கோவில் தங்க நேர்ந்து, ரோஸ்லேண்ட் திரையரங்குக்குச் சென்றார். கிட்டப்பார்வைக் குறைபாடு இருந்ததால் கீழ்த்தளத்தில் அமர்ந்தார். அது நடைமுறையில் வெள்ளையருக்கான இடம்; அவருக்குக் கொடுக்கப்பட்டதோ விலை குறைந்த மேல்தளச் சீட்டு. கூடுதல் கட்டணத்தைத் தருவதாக அவர் சொன்னதை ஏற்காமல், இழுத்துச் சென்று இரவு முழுவதும் சிறையில் வைத்தார்கள். இரண்டு இருக்கைகளின் வரிக்கும் இடையே இருந்த ஒரு சதத்தை ஏய்த்தார் என்பதே வழக்கு! அபராதம் 20 டாலர், செலவுத் தொகை 6 டாலர். இனம் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே இனப் பாகுபாட்டைத் தண்டனையாக்க வரிச்சட்டம் உதவியது. மேல்முறையீடும் தோற்றது. பின்னர் அவர் தொழிலை விட்டு மாண்ட்ரியலுக்கும், அங்கிருந்து நியூயார்க்குக்கும் சென்று, 1965-இல் அங்கேயே காலமானார். நோவா ஸ்கோஷியா அரசு 2010-இல் அவரைக் குற்றமற்றவராக அறிவித்தது. 2018-இல் நாணயத்தாள் வந்தது. இவை வேண்டியவையே. ஆனால் அந்தப் பள்ளி தொடர்ந்திருந்தால் அதில் பயின்று சொந்தக் கடை திறந்திருக்கக்கூடிய பெண்களுக்கு எந்த மன்னிப்பும் ஈடாகாது.

மார்ச் 24

ஓவியர் எமிலி கார், பிரான்ஸில் கற்ற புதிய வண்ணப் போக்குடன் திரும்பி, மேற்குக் கரையின் முதற்குடி ஊர்களையும் குலக்குறித் தூண்களையும் வரைந்தார். 1913-இல் வான்கூவரில் அவற்றைக் காட்சிக்கு வைத்தும் ஆதரவு கிடைக்கவில்லை. விக்டோரியாவில் விடுதி நடத்தியும், நாய்களை வளர்த்து விற்றும் பிழைத்த ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அவர் மிகக் குறைவாகவே வரைந்தார். 1927-இல் ஒட்டாவாவின் தேசிய ஓவியக்கூடம் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 55. அதன்பின், வண்ணத்தில் பெட்ரோல் கலந்து மலிவான தாளில் காடுகளை அவர் தீட்டிய வேகம் வியப்பளிக்கிறது.

அவர் வரைந்த தூண்களைச் செதுக்கிய மக்களின் பாட்லாட்ச் என்னும் விருந்தும் பரிசளிப்பும் கொண்ட விழாவைக் கனடிய அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடைசெய்திருந்தது. காரின் ஓவியங்களைப் போற்றும் நான், அம்மக்களின் பெண் கலைஞர்களைப் பற்றி இன்னும் போதிய அளவு வாசிக்கவில்லை. அடுத்த குறிப்புகளை அவர்களிடமிருந்து தொடங்குவேன்.