கடைசி நிறுத்தத்தில் ஆறு மேசை

மார்ச் 3, செவ்வாய்

பிரிண்டரை ரிப்பேருக்குக் கொடுத்திருந்த கடை பூட்டிக் கிடந்தது. 'ஒரு மணி நேரத்தில் வருவேன்' என்று ஒரு அட்டை. எப்போதிலிருந்து ஒரு மணி நேரம் என்று அதில் இல்லை.

பஸ்ஸுக்கு இதுதான் கடைசி நிறுத்தம். வேலை இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. கிடங்குகள், டயர் கடைகள், பாதியில் நின்றுபோன ஒரு அடுக்குமாடி. பசி தாங்காமல் நடந்ததில், ஒரு டயர் கடையை ஒட்டினாற்போல ஆறு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை கண்ணில் பட்டது. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்து, பாதி எழுத்துதான் மிச்சம். உள்ளே கரும்பலகையில் சாக்பீஸால் ஏழு வரி, மூன்றை அழித்திருந்தார்கள்.

கல்லாவில் இருந்த அம்மாவிடம் மீன் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. காலையில வந்தது எனக்கே திருப்தியில்ல. வேற ஏதாவது சொல்லுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்துபோய் மீன் வரியை விரலாலேயே அழித்துவிட்டு வந்தார். தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. வேறு என்ன சாப்பிட்டேன் என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. அந்த விரல்தான் நிற்கிறது.

பிரிண்டர்காரர் வரவே இல்லை.

மார்ச் 7, சனி

பிரிண்டரைச் சாக்கு வைத்து மறுபடியும் கிளம்பினேன். இந்த முறை நண்பனையும் இழுத்துக்கொண்டு. வழியெல்லாம் கடையின் புகழ் பாடியபடி போனால், ஷட்டர் இறங்கியிருக்கிறது. அதே சாக்பீஸ் கையெழுத்து: 'பேத்திக்குப் பள்ளியில் நாடகம். நாளைக்கு வாங்க.'

நண்பன் என்னைப் பார்த்தான். டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். எனக்கு என்னவோ கோபம் வரவில்லை. அவனுக்கு வந்தது.

மார்ச் 11, புதன்

மூக்கடைப்பு, லேசான காய்ச்சல். வீட்டில் படுத்திருக்க வேண்டியவன் பஸ் ஏறினேன் என்றால் யார் நம்புவார்கள்?

நான் வாய் திறக்கும் முன்பே அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். ஒரு கிண்ணம் சூப் வந்தது. பலகையில் இல்லாத சூப். வீட்டு ஆட்களுக்கு வைத்தது. நெற்றி வேர்க்கும்வரை குடித்தேன்.

'ரெஸ்டாரண்ட்' என்ற சொல்லே முதலில் இடத்தின் பெயரில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் அது ஒரு சூப்பின் பெயர். உடம்பு தளர்ந்தவர்களைத் தேற்றுவதற்காக இறைச்சியை நெடுநேரம் கொதிக்க வைத்து எடுத்த சாறு. அந்தச் சாறு விற்ற இடங்களுக்குப் பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மெனு, மேசை விரிப்பு, டிப்ஸ் எல்லாம் வந்து சேர்ந்ததில் தேற்றுகிற வேலை எங்கோ கழன்றுபோயிற்று போல.

சூப்புக்குப் பணம் வாங்கவில்லை. "அது பலகையில இல்லையே, என்னன்னு கணக்கெழுத?" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

ஆறு மேசை என்று எழுதியது தப்பு. வாடிக்கைக்காரர்களுக்கு ஐந்துதான். ஆறாவது பேத்தியின் வீட்டுப்பாட மேசை. அடுப்படியில் அய்யா, கல்லாவில் அம்மா, பரிமாற மகன். சம்பளத்துக்கு வெளி ஆள் கிடையாது.

குறையும் சொல்ல வேண்டும். இன்று நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். கழிப்பறைத் தாழ்ப்பாள் பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும்வரை பாட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் எப்படி இவ்வளவு நல்ல சமையல்? டைலர் கோவன் என்ற பொருளாதார நிபுணர் தலைகீழாகக் கேட்பார். வாடகை உயர்ந்த தெருவில் கடை வைத்தால் எல்லாருக்கும் பொதுவாகப் பிடிக்கிறதைத்தான் சமைக்க முடியும், கூட்டம் குறைந்தால் வாடகை தின்றுவிடும். ஓரத்து இடம்தான் தன் இஷ்டத்துக்குச் சமைக்க விடும் என்பது அவர் வாதம். இங்கே அது பொருந்துகிறது. ஆனால் ஓரத்தில் இருந்தும் மோசமாகச் சமைக்கிற கடைகளில் நான் நிறையவே சாப்பிட்டிருக்கிறேன்.

எனக்குப் பலகைதான் காரணமாகப் படுகிறது. சின்னப் பாத்திரத்தில் சமைக்கிறார்கள், தீர்ந்ததும் வரியை அழிக்கிறார்கள், மறுபடி அடுப்பில் ஏற்றுவதில்லை. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் வை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு நேரம் மிஞ்சினா சமையல் சரியில்லைன்னு அர்த்தம்" என்றார்.

ஏப்ரல் 4, சனி

நண்பனைச் சமாதானப்படுத்தி மறுபடி கூட்டிப் போனேன். பஸ்ஸில் அவன் கேட்டான்: "எத்தனை நட்சத்திரம் தருவே?"

நட்சத்திரக் கணக்கின் மூலமே டயர்தான் என்றேன். 1900இல் மிஷெலின் டயர் கம்பெனி கார் வைத்திருந்தவர்களுக்காக ஒரு வழிகாட்டி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. வண்டி ஓடினால்தானே டயர் தேயும்! நட்சத்திரம் பிறகு வந்தது. இரண்டு என்றால் சுற்றிப் போனாலும் தகும், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். "அப்போ ரெண்டு பஸ் மாறிப் போறதுக்கு?" என்றான். பதில் சொல்வதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

கடையில் நிற்க இடமில்லை. ஒரு கல்யாணக் கூட்டம் அப்படியே வந்து இறங்கியிருக்கிறது. வீட்டுப்பாட மேசைகூடப் போய்விட்டது. பேத்தி கல்லாப் படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லாமல் கையில் இரண்டு தட்டைத் திணித்தார். "மூணாவது மேசை."

நான் நான்காவதில் வைத்துவிட்டேன். அவர்கள் பேசாமல் சாப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாவது மேசைக்காரர் என்னை முறைத்தார், மகன் தலையில் கை வைத்துக்கொண்டான், நண்பனுக்கோ அந்த பிஸ்கட் நாளுக்கும் சேர்த்துச் சிரிப்பு.

கூட்டம் கலைய மூன்று மணி ஆயிற்று. ஒருவழியாக உட்கார்ந்து, பலகையை நண்பனுக்கு மேலிருந்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி ஸ்டூலில் ஏறி, ஈரத் துணியால் நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியாக அழித்தாள்.

"என்னதான் இருக்கு பாப்பா?"

திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். "முட்டை இருக்கு. ஆனா தாத்தா தூங்கப் போய்ட்டாரு. நீங்களே போட்டுக்கலாமாம்."

நண்பன்தான் போட்டான். நான் வெங்காயம் நறுக்கினேன்.