17 சென்ட்டும் 43 நடையும்: நால்வழிச் சாலைக்கு நிலம் போன கதை

பக்கத்து ஊர் நண்பர் போன வாரம் போன் பண்ணினார். புறவழிச்சாலைக்காக அவர் வயலில் மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம். "பணம் எவ்வளவுப்பா வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "பட்டா யார் பேர்ல இருக்கு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கதையும் அங்கேதான் ஆரம்பித்தது.

2018-ல் 3ஏ அறிவிக்கை வந்தது, அதாவது தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்ற முதல் அறிவிப்பு. பேப்பரிலும் போடுவார்கள். அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாளைக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். பேப்பரில் எங்கள் சர்வே எண் இருந்தது, அதற்கு நேரே தாத்தா பெயர் இருந்தது. அவர் 2003-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் வாய்வார்த்தையாகப் பாகம் பிரித்து ஆளுக்கொரு பக்கம் உழுதுகொண்டிருந்தார்கள். பட்டா மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தாத்தா பெயருக்கு வந்த நோட்டீஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது 21 நாள் கடந்து, 3டி என்ற அடுத்த அறிவிக்கையும் வந்துவிட்டது. 3டி வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பிறகு "ரோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று கேட்க முடியாது, பணத்தைப் பற்றி மட்டும்தான் பேசலாம்.

போனது 17 சென்ட், அதாவது 688 சதுர மீட்டர். அவர்கள் கணக்கு சதுர மீட்டரில்தான் வரும். சென்ட்டைத் தலைகீழாகத் தெரிந்த அப்பாவுக்கு இது தலைவலி. போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: சென்ட்டை 40.47-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர்.

இழப்பீட்டு விசாரணைக்கு மூலப்பத்திரம், சிட்டா, அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு), வாரிசுச் சான்று, 30 வருஷத்து வில்லங்கச் சான்று எல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு போனோம். நில எடுப்பு அலுவலக எழுத்தர் புரட்டினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாரிசு மூணு பேர் போட்டிருக்கு. ரெண்டு பேர்தான் வந்திருக்கீங்க?"

"அத்தைக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சு சார்."

"அதெல்லாம் உங்க வீட்டுக் கணக்கு. மூணு பேர் கையெழுத்து இல்லன்னா பணத்தக் கோர்ட்டுல கட்டிடுவோம். அங்க போய் வாங்கிக்கிங்க."

ஆளைப் பார்க்காமல் பேசியதில் எரிச்சல்தான். ஆனால் அவர் சொன்னது சட்டப்படி சரி. தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம், உயிலும் எழுதவில்லை, அப்படியென்றால் மகளுக்கும் சம பங்கு உண்டு. பங்கில் தகராறு என்றால் அதைச் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கே போய்விட்டால் பணத்தை வெளியே எடுக்க வருஷக் கணக்காகும்.

திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். அத்தை காபி கொடுத்தார், பேரப்பிள்ளைகள் போட்டோவைக் காட்டினார். பத்திரத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "பதினஞ்சு வருஷமா நெல்லு ஒரு மூட்டை வந்திருக்குமாடா அந்த நெலத்துலேருந்து? இப்ப கையெழுத்துக்கு மட்டும் அத்தை ஞாபகம் வருதா?" என்னிடம் பதில் இல்லை. அத்தை தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் என்று எழுதிக்கொண்டு போயிருந்ததைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டேன். மூன்றில் ஒரு பங்கு அத்தையின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தார். சித்தப்பா இரண்டு மாசம் என்னுடன் பேசவில்லை.

அடுத்த வெடி வில்லங்கச் சான்றில். 1991-ல் தாத்தா ஆயில் எஞ்சினுக்காக ஒரு கூட்டுறவு வங்கியில் அடமானம் வைத்திருக்கிறார். கடனை அடைத்துவிட்டார், அடைத்ததைப் பதிவு செய்யவில்லை. ஆகவே வில்லங்கத்தில் அடமானம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வங்கிக்குப் போனால் செயலாளர் இல்லை. அவருக்கு இன்னொரு இடமும் கூடுதல் பொறுப்பாம், செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். செவ்வாய் போனேன், மீட்டிங். வெள்ளி போனேன், பழைய லெட்ஜர் மாடியில், சாவி வேறொருவரிடம். ஐந்தாவது நடையில் லெட்ஜர் கிடைத்தது. கரையான் அரித்தது போக மீதியில் தாத்தாவின் கையெழுத்தும் "பாக்கி இல்லை" என்ற வரியும் இருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாசத்தில் இல்லை, களைப்பில். பிறகு ரசீது பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோம். உங்கள் வில்லங்கத்தை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். கல் நடும்வரை காத்திருக்காதீர்கள்.

மதிப்பு எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் பெரிய அடி. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் முந்தைய 3 வருஷத்தில் பதிவான கிரயங்களில் விலை அதிகமான பாதியை எடுத்து அதன் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது, 3ஏ தேதி நிலவரப்படி. அதைக் கிராமப்புறத்துக்கான எண்ணால் பெருக்கி, மரம், கிணறு, கட்டடத்தைச் சேர்த்து, அதே அளவு ஆறுதல் தொகை, அதாவது 100 சதவீதம் தருவார்கள். நிலத்தின் சந்தை மதிப்புக்கு 3ஏ தேதியிலிருந்து வருஷத்துக்கு 12 சதவீதம் தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் எவன் உண்மை விலையைப் பத்திரத்தில் எழுதினான்? வழிகாட்டி மதிப்பை எழுதிவிட்டு மிச்சத்தைக் கையில் வாங்குவதுதான் வழக்கம். அந்த வழிகாட்டி மதிப்பையும் 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள், பத்திரச் செலவு மிச்சம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. எங்களுக்கு எதிராக அலுவலகம் காட்டிய பத்திரங்களில் ஒன்று சித்தப்பா மேல வயலை விற்றது. அவர் கையெழுத்தை அவருக்கே காட்டினார்கள்.

ஜெயித்தது ஒரே ஒரு இடத்தில். கணக்கெடுக்க வந்தபோது கரும்பு ஆளுயரம் நின்றது, உள்ளே இருந்த போர்வெல்லும் மோட்டார் கொட்டகையும் யார் கண்ணிலும் படவில்லை. பட்டியலில் 6 தென்னை மட்டும்தான் இருந்தது. "இல்லாத போருக்குப் பணம் கேக்குறீங்களா?" என்றார்கள். விவசாய மின் இணைப்பு அட்டையின் நகல், கரும்பு வெட்டியபின் எடுத்த போட்டோ, அடங்கலில் "ஆழ்துளைக் கிணறு" என்று இருந்த வரி, மூன்றையும் ஒரு மனுவோடு சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். இரண்டு மாசம் கழித்து மறு ஆய்வுக்கு வந்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். அந்த முத்திரை இல்லையென்றால் மனுவே வரவில்லை என்றிருப்பார்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், முத்திரையில்லாமல் ஒரு தாளும் கொடுக்காதீர்கள்.

10 சதவீத வரிப் பிடித்தம் என்று ஒரு பேச்சு வந்தது. விவசாய நிலத்துக்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194எல்ஏ பிரிவில் பிடித்தம் கிடையாது என்று அடங்கலைக் காட்டினோம், விட்டுவிட்டார்கள். பணம் 2022 ஆரம்பத்தில் மூன்று கணக்குக்கும் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறோம் என எழுதிக் கொடுத்தே வாங்கினோம். தொகை போதாது என்று ஆட்சியரிடம் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) மனு போட்டிருக்கிறோம், வாய்தா நடக்கிறது. அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக நடந்ததை டைரியில் எண்ணிப் பார்த்தேன்: 43.

ரோடு வந்துவிட்டது. மிச்சமிருக்கும் 23 சென்ட் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. டிராக்டர் போகச் சுரங்கப்பாதை வழியாக 2 கிலோமீட்டர் சுற்று. அந்த 23 சென்ட்டை உட்பிரிவு செய்து மூன்று பேருக்கும் பட்டா வாங்கலாம் என்று இ-சேவை மையத்தில் மனு போட்டேன். சர்வேயர் வருவார் என்றார்கள். அத்தை தினமும் போன் பண்ணிக் கேட்கிறார், வந்தாரா என்று.