கோபுரத்தின் காலடி

நகர மையத்தில் ஒரு தெருவின் ஒரு பக்கம் முழுவதையும் இடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வானளாவிய கட்டடங்களை எழுப்புவதற்கான திட்டத்தின் வரைபடங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மாலைகள் அங்கே உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டினேன். முதலில் கண்ணில் படும்படி வைத்திருந்த பெரிய வண்ணப்படம் வானத்திலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டது. சாயுங்கால வெயிலில் கண்ணாடிச் சுவர்கள் பொன்னிறமாக மின்ன, கீழே மரங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. அந்த உயரத்தில் நின்று எவரும் அக்கட்டடங்களைப் பார்க்கப் போவதில்லை. எல்லோரும் பார்க்கப் போவது தரைத்தளத்தை. அதன் வரைபடமோ தாள்கட்டின் கடைசிப் பகுதியில், மின்மாற்றி அறையின் விவரங்களோடு சேர்ந்து கிடந்தது.

உயரத்தை நான் எதிர்க்கவில்லை. பேருந்தும் ரயிலும் வந்து சேரும் இடத்தில்தான் அதிகம் பேர் வாழவும் வேலை செய்யவும் வேண்டும். அதற்குக் கட்டடம் உயரத்தான் வேண்டும். நாற்பது மாடியா முப்பது மாடியா என்ற வாதத்திலேயே எதிர்ப்பாளர்கள் தங்கள் பலம் முழுவதையும் செலவழித்து விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசியில் நான்கு மாடிகள் குறையும். கீழே இருந்த தவறு அப்படியே நிற்கும். இந்தத் திட்டத்தின் குறையும் முதல் ஐந்து மாடிகளில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் போய், இடிக்கப்படவுள்ள பக்கத்தில் முனையிலிருந்து முனைவரை நடந்து கதவுகளை எண்ணினேன். பதினேழு இருந்தன. சில அழுக்கானவை, இரண்டு பூட்டிக் கிடந்தவை, ஒன்று மாடிப்படிக்கு மட்டும் போவது. ஆனால் சில அடிகளுக்கு ஒருமுறை யாரோ உள்ளே போனார்கள், யாரோ வெளியே வந்தார்கள், ஒருவர் வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். புதிய வரைபடத்தில் அதே நீளத்துக்கு மூன்று திறப்புகள்தாம்: கோபுரத்துக்கு ஒன்றாக இரண்டு வரவேற்பு மண்டபங்களின் நுழைவாயில்கள், நடுவில் வண்டிகள் ஏறி இறங்கும் சாய்தளத்தின் வாய். மனிதர்கள் நுழையும் கதவு என்று பார்த்தால் பதினேழு இருந்த இடத்தில் இரண்டு.

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் இதைப் பல பத்தாண்டுகளாக அளந்து சொல்லி வருகிறார். நூறு மீட்டருக்குப் பதினைந்து முதல் இருபது கதவுகள் உள்ள தெருவை உயிருள்ளதாகவும், இரண்டோ அதற்குக் குறைவோ உள்ளதைச் செத்த முகப்பாகவும் அவருடைய வகைப்பாடு கொள்கிறது. காரணம் எளிமையானது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு நூறு மீட்டரைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் ஒரே பளிங்குச் சுவரையும் ஒரே கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு நடப்பது எவருக்கும் சலிப்பாகத்தான் இருக்கும். இருட்டிய பிறகு தனியாக நடக்கும் பெண்ணுக்கு அது அச்சம். ஐந்தாம் மாடிக்கு மேலே போய்விட்டால் தெருவோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்றும் கெல் சொல்கிறார். அப்படியானால் தெருவைக் கவனிக்கக்கூடிய மாடிகள் முதல் ஐந்துதான்.

இந்தத் திட்டம் அந்த மாடிகளைக் கார்களுக்குக் கொடுத்திருக்கிறது. தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடிகள் முழுக்கக் கார் நிறுத்தம். அதை மறைக்கத் துளையிட்ட உலோகத் தகடுகள். தகட்டின் வேலைப்பாடு அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால் விளக்கு எரியும் சன்னல் இல்லை, துணி காயும் பால்கனி இல்லை, எட்டிப் பார்க்கும் முகம் இல்லை. குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் உறுத்தியது. அந்த நான்கு மாடிகளின் தளங்கள் சாய்வாகவும் கூரை தாழ்வாகவும் இருக்கின்றன. கார்கள் குறையும் காலம் வந்தால்கூட அவற்றை வீடாகவோ அலுவலகமாகவோ மாற்ற வழியில்லை. தளங்களைச் சமமாக்கி, கூரையை உயர்த்தி, தெருவை ஒட்டிய ஓர் அறை ஆழத்துக்கு மட்டுமாவது வீடுகளை வைத்து, கார்களை அவற்றின் முதுகுக்குப் பின்னால் தள்ளியிருக்கலாம். செலவு கூடும்; சில கார்களுக்கு இடம் குறையும். கட்டடம் நிற்கப் போகும் காலத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை.

அடுத்தது காற்று. உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் கூடும். அகன்ற தட்டையான முகப்பில் மோதும் காற்றில் ஒரு பகுதி மேலேறிக் கடந்துவிடும். ஒரு பகுதி பக்கவாட்டில் வழியும். மீதி சுவரோடு சுவராக இறங்கித் தெருவில் நடப்பவர் மேல் விழும். மூலைகளிலும், அருகருகே நிற்கும் இரண்டு கோபுரங்களுக்கு இடைப்பட்ட சந்திலும் அது இன்னும் வேகமெடுக்கும். இது வெறும் அசௌகரியம் அன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற உயர்ந்த கட்டடத்தின் அருகே 2011இல் பலத்த காற்றில் லாரி ஒன்று கவிழ்ந்து, நடந்து சென்ற ஒருவர் இறந்தார்; பல ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே காற்றைத் தடுக்கும் பெரிய தடுப்புகள் கட்டப்பட்டன. இதைத் தவிர்க்கும் வழி கட்டடக் கலைஞர்கள் எல்லோரும் அறிந்ததே. கீழே அகன்ற அடிமாடிகளை அமைத்து, கோபுரத்தைத் தெரு விளிம்பிலிருந்து உள்வாங்கி நிறுத்தினால், இறங்கி வரும் காற்று அந்த மாடியின் கூரையிலேயே முட்டிச் சிதறும். இந்தத் திட்டத்தில் அடிமாடிகள் இருக்கின்றன. ஆனால் வடமேற்கு மூலையில் மட்டும், கட்டடம் கம்பீரமாகத் தெரியவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, கோபுரத்தின் கண்ணாடிச் சுவர் உச்சியிலிருந்து நடைபாதைவரை நேராக இறங்குகிறது. அந்த மூலையில்தான் பேருந்து நிறுத்தம் இருக்கிறது.

இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பொதுத் திறந்தவெளி என்று காட்டி, அதற்கு ஈடாக, விதி அனுமதிப்பதைவிடக் கூடுதல் தளப்பரப்பும் கேட்கிறார்கள். இந்தப் பேரம் புதிதன்று. நியூயார்க்கில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த சீக்ராம் கட்டடம் 1958இல் திறக்கப்பட்டபோது அதன் முன்னால் விடப்பட்ட திடல் பலரையும் கவர்ந்தது. எந்தப் பகுதியில் எதை எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் அந்நகரத்தின் மண்டல விதி 1961இல் வந்தது. அது, அடர்த்தி மிகுந்த பகுதிகளில் ஒரு சதுர அடித் திடலுக்குப் பத்துச் சதுர அடிக் கூடுதல் தளம் என்று சலுகை கொடுத்தது. திடல்கள் பெருகின, பலவற்றில் மனிதர்கள் இல்லை. நகரப் பொது இடங்களை ஆராய்ந்த வில்லியம் வைட் என்பவர் கேமராவோடு உட்கார்ந்து ஏன் என்று கவனித்தார். உட்கார இடம் இருக்கிறதா, தெருவிலிருந்து திடல் கண்ணில் படுகிறதா என்பவை போன்ற சாதாரணக் கேள்விகளில்தான் விடை இருந்தது. அவருடைய பணியின் விளைவாக 1975இல் அந்த விதி திருத்தப்பட்டு, இருக்கைகள் கட்டாயமாக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்த இந்தப் பாடத்தின் சுவடே இந்த வரைபடத்தில் இல்லை. திடல் நடைபாதையைவிட எட்டுப் படிகள் மேலே இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் படிகளும் தொட்டிச் செடிகளும்தான் தெரியும். ஒரு பெஞ்சுகூட வரையப்படவில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் பின்பக்கம் சுற்றிப்போய் லிஃப்டில் ஏறி வரவேண்டும்.

கோபுரங்களுக்கு இடையிலான தூரமும் குறைவுதான். கனடாவின் டொராண்டோ நகரம் 2013இல் ஏற்றுக்கொண்ட உயர் கட்டட வழிகாட்டி 25 மீட்டர் இடைவெளியையும், ஒரு மாடிக்கு 750 சதுர மீட்டருக்கு மிகாத பரப்பையும் கேட்டது. மெலிந்த கோபுரத்தின் நிழல் சீக்கிரம் நகர்ந்துவிடும், தடித்ததன் நிழல் ஒரே இடத்தில் கிடக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். இங்கே இரண்டு அளவுகளும் மீறப்பட்டிருக்கின்றன. நிழல் படங்களோ பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாளின் நண்பகலுக்கு மட்டுமே தரப்பட்டுள்ளன. சூரியன் தாழ்ந்திருக்கும் மாதத்தில், காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அவற்றை வரைந்து காட்டவேண்டும்.

என் கருத்தை எழுத்தில் கொடுத்துவிட்டேன். கோபுரங்களின் உயரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தெருவை ஒட்டிய முகப்பை நூற்றுக்கு ஒன்று (1:100) என்ற அளவில் தனித்தாளில் வரைந்து, ஒவ்வொரு கதவையும் ஒவ்வோர் இருக்கையையும் அதில் குறித்துக் காட்டும்படி கேட்டிருக்கிறேன். வடமேற்கு மூலையில் கோபுரத்தை உள்வாங்கி, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் தலைக்கு மேல் ஒரு கூரையும் போடும்படி கேட்டிருக்கிறேன். அந்தத் தெருவில் எண்ணிய பதினேழு கதவுகளையும், எது எங்கே இருக்கிறது என்ற என் கைப்படத்தோடு இணைத்திருக்கிறேன்.