அழகர்மலை அடிவாரத்தில் ஒரு தொழுவம்

அழகர்கோவில் போகிறவர்கள் சாமி கும்பிட்டு, மலையேறி நூபுர கங்கையில் குளித்து, பழமுதிர்சோலை முருகனையும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். நான் இந்த முறை கோயில்வரை போகவில்லை. அப்பன் திருப்பதியைத் தாண்டிப் பிரியும் ஒரு மண்பாதையில், தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் கால்நடைக் காப்பகத்துக்குப் போனேன். பெயர் போட வேண்டாம் என்று நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கன்றுக்குட்டியை வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இப்போதே அதிகமாம்.

கட்டிவிட்டுப் போவது பெரும்பாலும் ஜெர்சி காளங்கன்றுகள். சல்லிக்கட்டுக் காளையைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிற ஊர் இது. கோயில் காளை செத்தால் ஊரே கூடி, மாலை போட்டு அடக்கம் செய்கிற சீமை. அதே ஊரில் கலப்பினப் பசு காளங்கன்று போட்டால் வீட்டில் முகம் வாடிவிடுகிறது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. சினைக்கு ஊசி வந்துவிட்டது. கன்று குடிக்கும் பாலோ விற்கிற பால். யாரையும் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. வளர்ந்த மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 20, 25 கிலோ பசுந்தீவனமும் அதற்கு மேல் வைக்கோலும் வேண்டும். பால் தராத ஒன்றுக்கு அதை எத்தனை வருடம் போட முடியும்?

மாடு மட்டுமில்லை, ஆடு, கழுதை, இரண்டு பன்றி, பிராய்லர் கோழிகளும் இருக்கின்றன. கோழிகள் லாரியிலிருந்து விழுந்தவை. ஆறேழு வாரத்தில் கறிக்குப் போகும்படி உருவாக்கப்பட்ட இனம் என்பதால், அதற்கு மேல் வாழ்ந்தால் உடம்புக் கனத்தைக் கால் தாங்குவதில்லை. அவை உட்கார்ந்தே தீனி தின்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இப்படிப்பட்ட காப்பகங்களுக்கு முன்னோடியாக அமெரிக்காவின் ஃபார்ம் சாங்சுவரியைச் சொல்வார்கள். 1986இல் தொடங்கியது. பென்சில்வேனியாவில் ஒரு கால்நடைச் சந்தையில், செத்த பிராணிகளின் குவியலில் உயிரோடு கிடந்த ஹில்டா என்ற செம்மறியாட்டை அவர்கள் தூக்கி வந்ததிலிருந்து அந்தக் கதை ஆரம்பிக்கிறது. 1999இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஜென்டில் பார்ன், மீட்ட பிராணிகளோடு மனம் நொந்த பிள்ளைகளையும் பழக விட்டது. இங்கே அப்படித் திட்டம் போட்டு எதுவும் நடக்கவில்லை. மதுரையில் சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றின் ஆசிரியை, பிள்ளைகளை ஒருநாள் சும்மா கூட்டிவந்தார். அப்புறம் அதுவே சனிக்கிழமை வழக்கமாகிவிட்டது.

நான் போனதும் ஒரு சனிக்கிழமைதான். வண்டி இழுத்து ஓய்ந்த செவலை மாடு ஒன்று வேப்பமர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. பிடரியில் நுகத்தடி அழுத்திய இடம் முடி இல்லாமல் காய்த்துப் போயிருந்தது. பத்து வயதிருக்கும் ஒரு பையன் தேங்காய் நாரோடு அதன் பக்கம் போனான். அவன் பேசுவதில்லை என்று ஆசிரியை சொன்னார். தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சாணிக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அதுக்குக் கண்ணு தெரியாது சாமி, மொதல்ல சத்தம் குடு, அப்புறம் தொடு" என்றார். பையன் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து "ம்ம்ம்" என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் கொடுத்தான். மாடு காதைத் திருப்பியது. அதற்குப் பிறகுதான் அந்தக் காய்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினான். மாட்டின் உடம்புச் சூடு நம்முடையதைவிட ஒன்றரை டிகிரி அதிகம். நாரைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு வாரமும் இப்படிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் தொடுகிறானாம். வகுப்பில் இன்னும் பேசவில்லை. இதை வைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அவனை அவசரப்படுத்தாத ஓர் உயிர் அங்கே இருந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த அக்காவுக்கும் இந்த இடம்தான் பிடிமானம். வீட்டுக்காரர் போனபின் சொந்த மாடுகளை விற்க வேண்டிவந்தது. இப்போது இங்கே மாதச் சம்பளம். "வித்த மாட்ட நெனச்சு அழுதுக்கிட்டே இருந்தேன் தம்பி. இங்க அழுகுறதுக்கு எங்க நேரம்?" என்று சொல்லிவிட்டு, ஒரு கிடாரியின் காதில் உண்ணி பார்க்கப் போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெந்த அரிசியை நிறையத் தின்றால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். வயிறு உப்பிச் செத்தே போகலாம். பாலித்தீன் பையில் கட்டிய மிச்சச் சோறு அதைவிட மோசம். பை உள்ளேயே தங்கிவிடும், இடது விலாப் பக்கம் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அமாவாசைக்கு அகத்திக்கீரை வாங்குகிறவர்கள் அதையே இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குக் கொடுக்கலாம், அளவாக. வைக்கோல் கட்டு என்றால் இன்னும் நல்லது, கோடையில் விலை ஏறுவது அதுதான். உங்கள் ஊர்ப் பக்கம் விசாரித்தாலே இதுபோல ஒன்று தெரியவரும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போங்கள். காலையில்தான் சாணி அள்ள ஆள் தேவைப்படுகிறது.