கெட்டிமேளத்துக்கு முன்னும் பின்னும்: ஒரு கல்யாண இசை நாட்குறிப்பு

ஜூன் 22

கும்பகோணத்தில் ஆவணிக் கல்யாணம். ஆகஸ்ட் 28 மாலை மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும். 29 காலை 9.00 முதல் 10.30 வரை முகூர்த்தம்.

முதலில் பேச வேண்டியது மேளம். மண்டபம் கிடைத்த மறுநாளே பேசிவிட வேண்டும். ஆடியில் கோயில் உற்சவங்கள் வரிசையாக வரும். ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். ஜூலை கடைசியில் போய் நின்றால் நல்ல செட் கிடைக்காது.

முழு செட் என்றால் இரண்டு நாதஸ்வரம் (நாயனம்), இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி. செலவைக் குறைக்க ஒரு நாயனம் ஒரு தவில் போதும் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். மாலை மூன்று மணி நேரமும் மறுநாள் காலை ஐந்து மணி நேரமும் ஒருவரே ஊதினால் உதடு தாங்காது. கெட்டிமேளம் வரும் நேரத்தில் மூச்சு மிச்சம் இருக்காது. இருவர் இருந்தால் ஒருவர் ராகத்தை விரிக்கும்போது மற்றவர் ஓய்வெடுப்பார். வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இதில் வேண்டாம்.

அச்சாரம் கொடுக்கும்போதே வெற்றிலை பாக்கோடு நான்கு விஷயங்களைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்: வர வேண்டிய நேரம், போக்குவரத்து, தங்கும் அறை, சாப்பாட்டு நேரம். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு யாராலும் ஊத முடியாது. முகூர்த்த நாளில் கலைஞர்களுக்குக் காலை 6 மணிக்குள் இட்லி, காபி போக வேண்டும். கடைசிப் பந்தியில் உட்காரவைத்தால் அது மேளத்தில் கேட்கும்.

ஜூன் 29

இன்று சடங்குக்கு ஏற்ற ராகங்கள். பட்டியலைப் பாட்டிலிருந்து தொடங்கக் கூடாது. சடங்கை எழுதி, அதற்கு எவ்வளவு நேரம், அப்போது மந்திரம் உண்டா இல்லையா என்று எழுதிய பிறகே ராகம்.

29ஆம் தேதிக்கு எழுதியது:

காலை 6.00, வாசலில் தொடக்கம். நாட்டையில் சிறிது, பிறகு பௌளி, மலயமாருதம். விநாயகர் மேல் ஒன்று வேண்டும் என்றால் ஹம்சத்வனியில் தீட்சிதரின் ‘வாதாபி கணபதிம்’. எந்த நாயனக்காரரும் கையில் வைத்திருப்பார்.

7.00, காசி யாத்திரை. குடையும் தடியும் விசிறியுமாக மாப்பிள்ளை வாசல் வரை போய்த் திரும்புவதற்குப் பதினைந்து நிமிடம். பிலஹரி இந்த நேரத்துக்கும் மனநிலைக்கும் பொருந்தும். மாலை மாற்றலுக்கு நீளமான கீர்த்தனை வேண்டாம். மாமன்மார் தூக்கி நிறுத்தி மூன்று முறை மாற்றி முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. பல்லவியோடு நிறுத்தக்கூடிய துரிதமான உருப்படி போதும்.

ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி, குறிஞ்சி. தியாகராஜரின் ‘சீதா கல்யாண வைபோகமே’ குறிஞ்சியில் அமைந்ததுதான். பெண்கள் பாடப் போகும் இடமும் இதுவே என்பதால், நாயனம் இங்கே இடைவெளிகளை நிரப்ப மட்டும்.

கன்னிகாதானத்தில் பிரவரம் சொல்வார்கள்: இரு வீட்டு மூன்று தலைமுறைப் பெயர்கள். அந்த நேரம் மேளம் முழுவதும் ஓய்வு. சுருதிப்பெட்டியையும் நிறுத்திவிடுவது நல்லது. பெயர்களைக் கேட்கத்தான் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திருமாங்கல்ய தாரணம்: கெட்டிமேளம். அதற்குத் தனிக் குறிப்பு எழுத வேண்டும்.

சப்தபதி, ஹோமம் ஆகியவற்றின் இடைவெளிகளில் கல்யாணி, சங்கராபரணம். மந்திரம் நடக்கும்போது தவில் கூடாது. நாயனம் மெல்ல வரலாம். பிற்பகல் நலங்குக்குச் செஞ்சுருட்டி போன்ற லேசானவை. முடிவில் சௌராஷ்டிரம், மத்தியமாவதி.

தவிர்க்க வேண்டியவை என்று முகாரியையும் சுபபந்துவராளியையும் சொல்வார்கள். இரண்டிலும் சோகம் தூக்கலாக இருப்பதால் சரிதான். ஆனால் அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு சினிமாப் பாட்டுத் தேர்வில். மெட்டு அழகாக இருக்கிறது என்று கேட்பார்கள். வரிகளோ பிரிவையும் துரோகத்தையும் பாடும். நாயனத்தில் சொல் இல்லை என்று நினைக்கக் கூடாது, கேட்பவர் மனசில் சொல் ஓடும். ஆகவே கொடுக்கும் ஒவ்வொரு சினிமாப் பாட்டுக்கும் சரணம் வரை வரிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். ஐந்து பாட்டுக்கு மேல் கொடுக்கவும் வேண்டாம். ராகத்தில் ஊன்றிய மெல்லிசை மெட்டுகள்தான் நாயனத்தின் கமகத்தில், அதாவது சுர அசைவில், நன்றாக அமரும். தாளக்கருவிகளின் அடியை மட்டும் நம்பி நிற்கும் பாட்டு அதில் வெறுமையாகக் கேட்கும். பட்டியல் மூன்று வாரம் முன்பே வித்வானிடம் போக வேண்டும்.

ஜூலை 6

கெட்டிமேளம்.

தாலி முடியும் நொடியில் தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காக எழும் ஓசை அது. மற்ற எல்லாச் சத்தத்தையும் மூட வேண்டும். இங்கே பாட்டுத் தேர்வு எதுவும் கிடையாது. தவில்கள் துரிதத்தில் விடாமல் அதிர, நாயனம் மேல் ஸ்தாயியில் நிற்கும். ஒரு நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம்.

தவறுவது எப்போதும் சைகையில்தான். சாஸ்திரிகள் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று சொல்வது மைக்கில் வராமல் போகும்; மேளக்காரர் கண்ணுக்கு மேடை தெரியாது; நடுவில் வீடியோக்காரரின் விளக்கும் குடையும் நிற்கும். மூன்று முடிச்சும் விழுந்த பிறகு மேளம் கிளம்பினால் அந்தக் கணம் திரும்ப வராது.

செய்ய வேண்டியது: மேள மேடை மணவறைக்குப் பக்கவாட்டில் 15 முதல் 20 அடிக்குள், மணமக்கள் முகம் தெரியும் கோணத்தில். கை தூக்க ஒரே ஒருவர். அவர் சாஸ்திரிகளின் பின்னால் நிற்க வேண்டும், அட்சதை கையில் வைத்திருக்கக் கூடாது. வேறு யார் கையசைத்தாலும் பொருட்படுத்த வேண்டாம் என்று தவில்காரரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். “மாங்கல்யம் தந்துநானேன” தொடங்கும்போது கை உயரும். தவில்காரர் கோலை எடுப்பார். கை இறங்கியதும் முழக்கம்.

இதனால்தான் பென்டிரைவில் பதிவு செய்த நாதஸ்வரத்தை நான் ஏற்பதில்லை. பதிவுக்குக் கண் இல்லை. சரடு சிக்கினாலும் காத்திருக்காது.

ஜூலை 13

கருவிகள் பற்றி மண்டபத்தாரிடம் சொல்ல வேண்டியவை.

இன்று கல்யாணங்களில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் பாரி நாயனம். பழைய திமிரி வகை நாயனத்தைவிட நீளம் அதிகம், சுருதி தாழ்வு: இரண்டு, இரண்டரைக் கட்டை (சுருதியின் அளவைக் கட்டை என்பார்கள்). நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையால் நிலைபெற்ற மாற்றம் இது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் ஊதும் முனையான சீவாளி உலரும், சுருதி பிசகும். அந்தப் பக்கத்து ஏசியின் திசையை மாற்றச் சொல்ல வேண்டும். தவிலுக்கு எதிரி ஈரம். மழை நாளில் தோல் தொய்ந்து நாதம் மங்கும். முந்தைய இரவு தவிலைத் தரையில் வைக்காமல் உலர்ந்த அறையில் பெஞ்சின் மேல் வைக்க இடம் கேட்பார்கள், கொடுக்க வேண்டும்.

500 பேர் உட்காரும் மூடிய மண்டபத்தில் தவிலுக்கு மைக் தேவையே இல்லை. நாயனத்துக்கும் அருகில் வைத்த மைக் வேண்டாம். ஆறடி தள்ளி ஒன்று, அதுவும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோக மட்டும்.

ஜூலை 20

சட்டம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ கூடாது. சமுதாயக் கூடம், விருந்துக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குள் விலக்கு உண்டு. ஆகவே விடிகாலை 5 மணிக்கு வாசலில் மேளம் என்ற பழைய வழக்கத்தை 6 மணிக்குத் தள்ளியிருக்கிறோம். வரவேற்பு நடனங்கள் இரவு 9.30க்குள் முடியும்.

பாட்டுக்கு ராயல்டி கேட்டு யாராவது வந்தால்: பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(za) பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பும் வெளியிட்டது. நகல் ஒன்று கோப்பில் இருக்கட்டும். ஆனால் கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். அங்கே பாட்டு அடையாளம் காணப்பட்டு ஒலி நீக்கப்படலாம்.

ஜூலை 27

ஊஞ்சல் பாட்டும் நலங்கும்.

பாடும் பெண்கள் ஆறு பேர். சேர்ந்து பாட ஐந்து கட்டை வசதி. நாயனம் இரண்டரையில் நிறுத்திய உடனே இவர்கள் தொடங்கினால் காதில் நிற்கும் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொள்வார்கள். அனுபல்லவியில் குரல் எட்டாது, பாட்டு பாதியில் தேயும். எனவே நாயனம் முடிந்ததும் பத்து விநாடி மௌனம். தலைமைப் பாடகி கைபேசித் தம்புராவில் ஐந்து கட்டையைக் காதோடு வைத்துக் கேட்டு, முதல் அடியைத் தனியாக எடுக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டாம் அடியில் சேரலாம்.

பாட்டு மூன்று போதும். ஊஞ்சலில் பால் பழம் கொடுத்து, பெண்கள் விளக்கோடு வலம் வந்து, பச்சைப்பிடி (நிறம் சேர்த்த சாத உருண்டை) சுற்றிப் போட இருபது நிமிடம். பச்சைப்பிடி சுற்றுபவர்களுக்குப் பாட்டுத்தான் நடை. அதனால் ஊஞ்சலுக்கான லாலிப் பாட்டு நிதானமான காலத்தில் இருக்க வேண்டும். வேகமாக எடுத்தால் ஊஞ்சலையும் வேகமாக ஆட்டிவிடுவார்கள். வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆளுக்கொரு தாள். கைபேசியைப் பார்த்துப் பாடினால் திரை அணைந்து ஒவ்வொருவராக நின்றுபோவார்கள்.

நலங்குக்கு ஒத்திகை வேண்டாம். தேங்காய் உருட்டல், அப்பளம் தட்டல், கேலிப் பாட்டு. அது அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3

வரவேற்பு நடனம்: கோலாட்டம், அதில் பின்னல் கோலாட்டம் ஒன்று.

சாதாரணக் கோலாட்டத்துக்கு எட்டு ஜோடி, ஓரடி நீளக் கோல்கள், 20க்கு 20 அடி தரை. வரவேற்பு மேடையில் சோபா, அலங்கார வளைவு போக அந்த இடம் இருக்காது. ஆகவே மேடைக்கு முன்னால் தரையில், முதல் மூன்று வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு ஆட வேண்டும். கம்பளத்தையும் சுருட்டிவிட வேண்டும், விளிம்பில் கால் தடுக்கும்.

பின்னல் கோலாட்டத்துக்கு எட்டுப் பேர், எட்டுக் கயிறு. 12 அடி உயரத்தில் வளையம்; கயிறு ஒவ்வொன்றும் 18 அடி. பருத்தித் துணிப் பட்டைதான் நல்லது. சாட்டின் ரிப்பன் வழுக்கும், நைலான் முறுக்கிக்கொள்ளும். இரண்டு நிறம், மாற்றி மாற்றி. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு வலமாக. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு இடமாக. எதிரே வருபவரை முதலில் வெளிப்புறமாகவும் அடுத்தவரை உட்புறமாகவும் கடந்து போக வேண்டும். 12 சுற்று பின்னி, அதே 12 சுற்றைப் பின்னோக்கி ஆடி அவிழ்க்க வேண்டும்.

ஒருவர் ஒரே ஒரு முறை வெளிப்புறத்துக்குப் பதில் உட்புறம் போனாலும் அவிழ்க்கும்போது முடிச்சு நிற்கும். தவறு தெரிந்த இடத்திலேயே எல்லோரும் நின்று அந்த அடியைத் திரும்ப எடுக்க வேண்டும். சமாளித்துக்கொண்டு போனால் சரியாகாது. சுற்றை எண்ண ஆடாத ஒருவர் தாளத்தோடு நிற்கட்டும். பாட்டு நேரடியாகப் பாடப்படுவது நல்லது. பதிவு என்றால் நடுவில் நிற்க வழியில்லை.

ஆகஸ்ட் 10

மணமக்களின் தோழர்கள் ஆடும் சினிமாப் பாட்டு நடனம். மூன்று குழு, குழுவுக்கு இரண்டரை நிமிடம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் எட்டுத் தட்டுக் கட்டங்கள் நிமிடத்துக்கு 15. இரண்டரை நிமிடத்தில் 37 கட்டம். புதிதாக ஆடுபவர்களால் மூன்று வாரத்தில் இதற்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. முழுப் பாட்டையும் ஆடினால் இரண்டாம் சரணத்தில் கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்துவிடும்.

பாட்டை வெட்டும்போது கட்டம் தொடங்கும் தட்டில்தான் வெட்ட வேண்டும். நடுவில் வெட்டினால் ஆடுபவர் கால் மாறிப்போகும். கடைசி இரண்டு ஒத்திகை அன்றைய உடையிலேயே: புடவைக் கொசுவத்துக்கும் குதிக்கும் அடவுக்கும் ஒத்துவராது என்பது அப்போதுதான் தெரியும்.

ஆகஸ்ட் 17

ஊர்வலம். மாப்பிள்ளை அழைப்புக்கு மல்லாரி வேண்டும் என்று ஒரு விருப்பம் வந்தது. கம்பீரநாட்டையில் வாசிக்கும் மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. வித்வான் தயங்கினால் வற்புறுத்தக் கூடாது, தயக்கம் நியாயமானது. காம்போதியும் மோகனமும் அந்த நேரத்துக்குப் போதிய கம்பீரம் தரும்.

செண்டை மேளமும் கூட வருகிறது. நாயனமும் செண்டையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் நாயனம் கேட்காது. கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரை செண்டை. தெருமுனையிலிருந்து மண்டபம் வரை நாயனம். ஆரத்தி எடுக்கும்போது நாயனம் மட்டும். செண்டைக் குழு மண்டபத்துக்குள் வராது.

ஆகஸ்ட் 24

ஒலிக்காரருக்கு ஒரே தாள். வரிசை எண், நேரம், கோப்பின் பெயர், தொடக்கச் சைகை, நிறுத்தச் சைகை. கோப்புகள் 01, 02 என்று எண்ணோடு. இரண்டு பென்டிரைவ், ஒரு மடிக்கணினி. இணையத்திலிருந்து நேராகப் போடக் கூடாது, நடனத்தின் நடுவில் விளம்பரம் வரும்.

ஒலிக்கும் அலங்கார விளக்குக்கும் தனித்தனி மின்லைன். ஒரே லைனில் கொடுத்தால் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். ஒலி அளவுக்கு ஒரு சோதனை: ஐந்தாம் வரிசையில் இருவர் குரல் உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். வரவேற்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் பல வருடம் கழித்துச் சந்திப்பவர்கள்.

ஆகஸ்ட் 29, இரவு

திருத்தங்கள் மட்டும். ஊஞ்சல் 32 நிமிடம் ஓடியது. விளக்கு வலம் வர எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர். இனி இந்தச் சடங்குக்கு அரை மணி என்றே எழுத வேண்டும். பின்னலில் ஒன்பதாம் சுற்றில் ஒரு தவறு. உடனே நின்று எடுத்ததால் கயிறு முழுவதும் அவிழ்ந்தது. கெட்டிமேளம் 9.41. கை இறங்கியதற்கும் முதல் அடிக்கும் இடைவெளி இல்லை.

சௌராஷ்டிரத்தில் மங்களம் முடிந்ததும், பந்திக்குப் போகும் முன்பே, தட்டில் வேட்டி, தாம்பூலம், மீதிச் சம்பாவனை வைத்து மணமக்கள் கையால் ஆறு பேருக்கும் கொடுக்கப்பட்டது. தாளக்காரருக்கும் சுருதிப்பெட்டிக்காரருக்கும் அதே வேட்டி.